கேட்கும் வேளையும் கொடுக்கும் மனமும்

(குள்ளஞ்சாவடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடல் உறுப்பு தானம் என்னும் விஷயத்தில் நம் ஜனங்களின் எண்ணம் என்ன, கொடுப்பதற்கு அவர்கள் மனம் ஒப்புகிறதா என்று கேட்டால், படித்தவர்களில் பலர் சற்றும் யோசியாமல் சொல்லுகிற விடை ஒன்று உண்டு: நம் ஜனங்களுக்கு மூடநம்பிக்கை அதிகம், ஆகையால் தயங்குகிறார்கள் என்பது. இந்த விடையை நான் ஏற்பதற்கில்லை. மூடநம்பிக்கையே நம்மிடம் இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு தகப்பன் தலையை அசைத்து "வேண்டாம் ஐயா" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள்ளே மதமும் மறுபிறவியும் இருப்பதைவிட, வீட்டில் ஒருநாளும் பேசப்படாத ஒரு காரியத்தை வாழ்நாளின் மிகக் கொடிய நாளில், அதுவும் சில மணி நேரத்துக்குள், தீர்மானிக்கச் சொல்லுகிறார்களே என்னும் திகைப்பும், கேட்கிறவர் யாருக்காகக் கேட்கிறாரோ என்னும் ஐயமுமே மிகுதியாக இருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அதை உங்கள் முன் விளக்கிச் சொல்லவே இன்று நிற்கிறேன்.

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயதுப் பிள்ளை மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, சென்னையில் மூளைச்சாவு அடைந்ததையும், அவன் பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அவனுடைய இதயம், காவல்துறையினர் சாலையைத் திறந்துவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பதினொரு நிமிடத்தில் சென்று, பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மார்பில் பொருத்தப்பட்டது. மலையாளத்தில் ஒரு திரைப்படமும், அதைத் தழுவித் தமிழில் "சென்னையில் ஒரு நாள்" என்னும் படமும் அந்தப் பதினொரு நிமிடத்தைக் கருவாகக் கொண்டு வந்தன. எல்லோரும் அந்த வண்டியின் வேகத்தைப் பற்றியே பேசினார்கள். நான் நினைப்பது வேறொன்று. அந்தப் பிள்ளையின் தாயும் தந்தையும் இருவருமே வைத்தியர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆறுவதற்கில்லாத துக்கம் அவர்களுக்கும் இருந்தது, ஆனால் திகைப்பு இல்லை. அறிவு முன்னரே வீட்டுக்குள் இருந்தபடியால் மனம் வழி கண்டுகொண்டது.

அடுத்த மாதமே தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் அரசின் ஏற்பாட்டில் தொடங்கியது. இரத்தக்குழாய் அறுவை நிபுணரான டாக்டர் அமலோற்பவநாதன் அதன் அமைப்பாளராக இருந்து அதற்கு ஒழுங்கு ஏற்படுத்தினார். 2014 டிசம்பரில் அதுவே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாயிற்று. அதன்பின் கொடுத்த குடும்பங்களெல்லாம் வைத்தியர் குடும்பங்கள் அல்ல. கொத்து வேலைக்குப் போகிறவரின் வீடு, வாடகை வண்டி ஓட்டுகிறவரின் வீடு, நூறுநாள் வேலைக்குப் போகும் தாயின் வீடு என்று இத்தகைய வீடுகளிலிருந்தும் கொடுத்திருக்கிறார்கள். நம் ஜனங்களுக்குக் கொடுக்கும் மனம் இல்லை என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

இனி அந்தக் கொடிய வேளைக்கு வருவோம். இது கடலூர்–விருத்தாசலம் சாலையில் உள்ள ஊர். நெய்வேலிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு மாறும் நேரத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் எப்படிப் போகின்றன, முந்திரிப் பருவத்தில் மூட்டை ஏற்றிய வண்டிகள் எப்படி வருகின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்டவனைக் கடலூருக்கும், அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டு ஓடுகிறோம். பிள்ளை ஐசியூவில் இருக்கிறான். ஒவ்வொருவராக உள்ளே விடுகிறார்கள்.

தாய் அங்கே என்ன காண்கிறாள்? மார்பு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடு இருக்கிறது. மூன்று நாளைக்கு முன் மழித்த கன்னத்தில் மயிர் முளைத்திருக்கிறது. தலைமாட்டுத் திரையில் பச்சைக்கோடு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டிலின் கீழே தொங்கும் பையில் சிறுநீர் சேருகிறது. இத்தனையும் கண்ணால் கண்டு நிற்கிறவளிடம் "உன் மகன் இறந்துவிட்டான் அம்மா" என்று சொன்னால் அவள் நம்பாதது மூடநம்பிக்கையா? நம் முன்னோர் எத்தனையோ தலைமுறையாக, மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்த்து, நாடி பிடித்துப் பார்த்து, மூச்சும் துடிப்பும் அடங்கியதையே மரணம் என்று கண்டவர்கள். சுவாசக் கருவி வந்தபிறகு அல்லவா, மூளை முற்றும் அழிந்தபின்னும் இதயம் சில காலம் துடித்துக்கொண்டிருக்கும் நிலைமை உலகத்தில் ஏற்பட்டது? அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலை வைத்தியர் குழு அதற்கு இலக்கணம் வகுத்ததே 1968-இல்தான். நம் நாட்டுச் சட்டம் அதை மரணமாக ஒப்புக்கொண்டது 1994-இல். மிகப் புதிய இந்த அறிவை அந்தத் தாய் அரைமணி நேரத்தில் ஏற்க வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே, இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை இங்கே, ஒருவருக்கும் ஆபத்தில்லாத இந்த மாலைப் பொழுதில், சொல்லிவிடுகிறேன். இதயத்தைத் துடிக்கச் செய்யும் தூண்டுதல் இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது; பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் தவளையின் இதயம் உடலைவிட்டு எடுத்த பின்னும் துடித்ததைப் பார்த்த பெரியவர்கள் இந்தச் சபையில் இருப்பார்கள். மூச்சு அப்படியன்று. மூச்சுக்குரிய ஆணை மூளையின் அடிப்பாகமாகிய தண்டிலிருந்து வரவேண்டும். அந்தத் தண்டு அழிந்துவிட்டால் மூச்சு தானாக வராது. கருவி காற்றைத் தள்ளுகிறவரையில் இரத்தத்தில் பிராணவாயு இருக்கும், அது இருக்கிறவரையில் இதயம் துடிக்கும், சில மணி நேரமோ சில நாளோ சென்று அதுவும் நிற்கும். நினைவு தப்பிக் கிடக்கிற, கோமா என்று சொல்லுகிற நிலை வேறு. அங்கே மூளைத்தண்டு உயிரோடிருக்கிறது, நோயாளி பெரும்பாலும் தானே மூச்சு விடுகிறான், அவன் எழுந்து வரவும் கூடும். மூளைத்தண்டு மாண்டவன் மீண்டு வந்ததில்லை.

இதை வைத்தியர் ஊகித்துச் சொல்லுவதில்லை. கண்ணில் வெளிச்சம் பாய்ச்சி, பாவை சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். விழியின் மேல் பஞ்சுத் திரியால் தொட்டு, இமை அசைகிறதா என்று பார்க்கிறார்கள். காதுக்குள் மிகக் குளிர்ந்த நீரைச் செலுத்தி, விழி நகர்கிறதா என்றும், புருவ எலும்பை அழுத்தி, முகம் சுளிக்கிறதா என்றும், தொண்டைக்குள் குழாயை விட்டு, இருமல் வருகிறதா என்றும் பார்க்கிறார்கள். கடைசியில், பிராணவாயு மட்டும் போய்க்கொண்டிருக்கும்படி செய்து, கருவியைக் கழற்றி, இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, ஒரே ஒரு மூச்சாவது தானாக எழுகிறதா என்று மார்பின்மேல் கண் வைத்துக் காத்திருக்கிறார்கள். இவ்வளவையும் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் செய்து, நான்கு வைத்தியர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவையில் ஈடுபடுகிறவர் அந்த நால்வரில் ஒருவராகவும் இருக்கக்கூடாது. இந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க உறவினர் ஒருவரை அனுமதித்தால் ஆயிரம் பிரசங்கத்தைவிட அது பயன்படும் என்று நான் நினைக்கிறேன்.

மறுபிறவியைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். இந்தப் பிறவியில் கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பான் என்று நம் பாட்டிமார் சொல்லுவதுண்டு. ஆனால் அதே பாட்டிமார்தான் காளத்தியில் தன் கண்ணைத் தானே அகழ்ந்து அப்பிய கண்ணப்பரின் சரித்திரத்தையும் நமக்குச் சொன்னவர்கள். அவருக்குக் குறை நேர்ந்ததென்று சைவ உலகம் ஒருநாளும் சொன்னதில்லையே! எழும்பூர்க் கண் மருத்துவமனையில் 1945-இலேயே கண் வங்கி ஏற்பட்டு, 1948-இல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவில் முதன்முதலாகக் கருவிழி மாற்று அறுவை செய்தார். அக்காலத்தில் கண்ணைக் கொடுங்கள் என்று கேட்டவர்களை ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றோ சாவு வீட்டிலிருந்தே கண் வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லுகிற பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961-இல் கண்தான சங்கத்தை நிறுவினார். சிபி அரசன் கண் கொடுத்த ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த பௌத்த ஜனங்கள் மளமளவென்று முன்வந்து, தம் நாட்டுக்குப் போதுமான அளவுக்கு மேலும் கொடுத்து, 1964 முதல் பிற தேசங்களுக்கும் கருவிழிகளை அனுப்பிவருகிறார்கள். தயக்கத்துக்குக் காரணமென்று சொல்லப்படுகிற சமயமே அங்கே கொடைக்குக் காரணமாயிற்று. இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவை 1988-இல் அனுமதித்திருப்பதையும், போப் இரண்டாம் ஜான் பால் 2000-இல் ரோமாபுரியில் இதைப் போற்றிப் பேசியதையும் மற்றச் சமயத்து அன்பர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது. அதை மேலோட்டமாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நமக்குச் சிறு தொலைவிலுள்ள வடலூரில் இராமலிங்க அடிகளார், இறந்தவரைச் சுடக்கூடாது, புதைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தச் சன்மார்க்க வழியில் நிற்கும் குடும்பங்கள் இங்கே பல உண்டு. தேகத்தை நெருப்புக்கும் கொடுக்காமல் பேணச் சொன்ன ஞானியின் அன்பர்கள், அதே தேகத்தை அறுத்து உறுப்பெடுக்க ஒப்பலாமா என்பது அவர்களுடைய கேள்வி. மிகவும் நேர்மையான கேள்வி. அடிகளார் காலத்தில் இந்த வைத்தியம் இல்லை. ஆகையால் அவர் இதை விதித்தார் என்றோ விலக்கினார் என்றோ சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. எனக்குத் தெரிந்தது இரண்டு. ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஜீவர்களுக்கு வரும் துன்பங்களை அவர் எண்ணிக் காட்டுமிடத்தில், பசி, கொலை முதலியவற்றோடு பிணியையும் வைத்திருக்கிறார். அந்தத் துன்பத்தை நீக்கத் தக்கவன் நீக்காதிருப்பதை அவர் பொறுத்தவர் அல்லர். 1867-இல் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதே அதற்குச் சாட்சி. இரண்டாவது, உறுப்பெடுத்த உடலை வைத்தியர்கள் முறையாகத் தைத்து, மூடி, குடும்பத்தாரிடம் ஒப்படைக்கிறார்கள். அதைச் சமாதி வைப்பதற்கு ஒரு தடையும் இல்லை. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு, அன்பர்கள் தங்களுக்குள் கலந்து ஒரு முடிவுக்கு வரவேண்டும். வெளியிலிருந்து வருகிற என் போன்றவன் முடிவு சொல்லுவது முறையாகாது.

சமயத்தைவிட ஆழமான தடை அவநம்பிக்கை. பணக்காரனுக்கு உறுப்பு வேண்டுமென்பதற்காக ஏழையை வேளைக்கு முன்னே சாகவிட்டு விடுவார்களோ என்று ஜனங்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. சென்னை வில்லிவாக்கத்துக்குச் சிறுநீரகத்தை வைத்தே ஒரு பட்டப்பெயர் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததே அந்த விற்பனையை ஒழிக்கத்தான். சட்டம் வந்தும், கடல்கோளில் எல்லாம் இழந்து எர்ணாவூரில் குடியேறிய மீனவப் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007-இல் வெளிவந்தது. 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களைப் பற்றி அதே செய்தி. கடன்காரனுக்கு அஞ்சி உடம்பை விற்கிற ஏழை குற்றவாளி அல்லன். அவனை அங்கே அழைத்துச் சென்ற தரகனையும், கண்ணை மூடிக்கொண்டு கத்தியை எடுத்தவனையும் சட்டம் விடக்கூடாது. 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இதற்கு ஐந்து முதல் பத்து வருஷம் வரை சிறையும், இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன்: இந்த விற்பனையெல்லாம் உயிரோடிருப்பவரிடமிருந்து நடந்தது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலின்படி போகிறது. கொடுக்கிற குடும்பத்துக்கு ஒரு காசு வருவதுமில்லை, உறுப்பெடுக்கும் செலவும் அதுவரை உடலைக் காக்கும் செலவும் அவர்கள் தலையில் விழவும் கூடாது. அந்தப் பட்டியலிலும் வெளிநாட்டவருக்கு இதயங்கள் மிகுதியாகப் போகின்றன என்று 2018-இல் முறையீடு எழுந்தது. அப்படி எழுந்ததே நல்லது என்பேன். எவருக்கு எந்த வரிசையில் போயிற்று என்பதை ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கேட்டால் சொல்ல வேண்டிய கடமை அதிகாரிகளுக்கு இருக்கவேண்டும்.

தாய்மார்கள் இத்தனை பேர் வந்திருப்பதால் ஒரு கணக்கையும் சொல்லுகிறேன். 2023-இல் நம் தேசத்தில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்தவர்களில் பெண்கள் 9,784 பேர். ஆண்கள் 5,651 பேர். கணவனுக்கு மனைவியும், பிள்ளைக்குத் தாயும் கொடுக்கிறார்கள். மனைவிக்கு நோய் வந்தால் கணவன் கொடுப்பது அரிதாகவே இருக்கிறது. அதே ஆண்டில் இறந்தபின் கொடுத்தவர்கள் தேசம் முழுவதற்கும் 1,099 பேர்தான். இறந்தோரிடமிருந்து வருவது பெருகினால், சமையலறையிலும் வயலிலும் உழைத்து ஓய்ந்த ஒரு தாயின் விலாவில் கத்தி படவேண்டிய அவசியம் அந்த அளவுக்குக் குறையும். இதை ஆண்கள் யோசிக்கவேண்டும்.

காத்திருக்கிறவரின் நிலையையும் சிறிது சொல்லவேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் படுத்திருக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய முன்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடத்தில் உங்கள் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் சுழன்று ஓடுகிற அதிர்வு தெரியும். நம்மூர் வைகாசி வெயிலில் முந்திரித் தோப்பில் வேலை செய்து பழகியவர் ஒருவர், ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து குடித்து, நாக்கு வறண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் காலந்தள்ளுகிறார். சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறவருக்கு இந்த நாற்காலியாவது உண்டு; ஈரலுக்கும் இதயத்துக்கும் காத்திருக்கிறவருக்கு அதுவும் இல்லை. எடுத்த இதயத்தை நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். ஈரலுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு. சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும். பணம் இல்லாதவருக்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சை எட்டாக்கனி என்பதும் இப்போது சரியன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் ஈரல் மாற்றும் நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது.

கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023 செப்டம்பர் 23-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் கொடுத்தவர் 178. அடுத்த ஆண்டு 268. மரியாதை ஒன்றினாலேயே இது பெருகிற்று என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ ஒரு குடிசை வாசலில் வந்து மலர்வளையம் வைப்பதை ஊரே பார்க்கிறது. மறுநாள் டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. பேச்சு நடப்பதுதான் வேண்டியது. ஸ்பெயின் தேசத்தில் 1979-லேயே, மறுப்புச் சொல்லாதவர் எல்லோரும் இசைந்தவர்களே என்று சட்டம் செய்தார்கள். சட்டத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பத்தாண்டு கழித்து, மருத்துவமனைதோறும் குடும்பத்தாரோடு பேசப் பயிற்சி பெற்ற வைத்தியர்களை அமர்த்தியபிறகே அங்கே எண்ணிக்கை ஏறிற்று. இன்று பத்து லட்சம் பேருக்கு ஐம்பது பேர் அளவில் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது மூன்றுக்குச் சற்று மேல். இந்தியா முழுவதற்கும் ஒன்றுக்கும் கீழ். ஸ்பெயினிலும் இன்றுவரை குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை.

பேச்சை முடிக்கலாமென்று இருந்தபோது சபையிலிருந்து ஒரு பெரியவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "என் மகன் தானம் செய்வதாக எழுதிக் கொடுத்து அட்டை வாங்கி வைத்திருக்கிறான். நான் சம்மதிக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார். ஐயா, சட்டம் அவன் எழுத்துக்கு மதிப்புக் கொடுக்கிறது. ஆனால் நடைமுறையில், நீங்களோ அவன் மனைவியோ நெருங்கிய உறவினரோ கையெழுத்திடாமல் எந்த வைத்தியரும் அவனைத் தொடமாட்டார். அவன் அட்டை சட்டைப்பையிலேயே கிடக்கும். ஆகையால் அதை ஏன் எழுதினான் என்று நீங்கள் அவனிடமே கேளுங்கள்; உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். சாப்பாட்டு வேளையிலே சாவுப் பேச்சு எதற்கு என்று வீட்டில் அதட்டுவார்கள், பரவாயில்லை. அவ்வளவும் பேசித் தீர்த்த பிறகும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், மறுப்பதனால் உங்கள் மேல் ஒரு பழியும் இல்லை.